செப்டம்பர் முப்பத்தொன்று

முத்தாலங்குளம் பேரூராட்சியில், ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பிறகு ஆறு மணி வந்தது.

அதை வரவைத்தவள் பேச்சியம்மாள். பேரூராட்சி அலுவலகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிகப் பணியாளர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை வேலையை விட்டு நிறுத்தி, மறுநாள் அதே நாற்காலியில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவள் குடிநீர் திறக்கும் நேரத்தைக் காட்டும் பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தின் நிரலுக்குள் ஒரு தேதிப் பெட்டி உண்டு. டேட் ஆப்ஜெக்ட் என்பார்கள். உள்ளே வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். எதை மாற்ற வேண்டுமோ அதற்குரிய கட்டளையைக் கொடுத்து ஓர் எண்ணைச் சொன்னால் அது மாறிவிடும். பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மணிக்கு ஆறு என்று கொடுத்து, சேமி என்பதை அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் பின்வாங்கியது. உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த சூரியன், மறந்துவைத்ததை எடுக்க வீட்டுக்குத் திரும்புகிறவனைப் போலக் கிழக்கே போய்ப் பனைமரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டது. காக்கைகள் இன்னொருமுறை விடியல் சத்தம் போட்டன. பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் சிவன் கோயிலிலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, காலையில் செய்ததையே மறுபடி செய்தார்கள். எதிர்க்கடை டீ மாஸ்டர் மட்டும், "காலையில போட்ட வடையே இன்னும் ஆறல, அதுக்குள்ள அடுத்த காலையா?" என்று சலித்துக்கொண்டு இன்னொரு பால் பாக்கெட்டைக் கத்தரித்தார்.

செயல் அலுவலர் தாணுமாலயன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே வந்து பேச்சியைப் பார்த்தார்.

"நீயாம்மா?"

"டெஸ்ட் பண்ணேன் சார்."

"மேலிடத்துல அனுமதி வாங்காம இதெல்லாம் செய்யக் கூடாது," என்றார். ஏன், எப்படி என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருஷ சர்வீஸில் அவர் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது யாருடைய அதிகாரத்தில் வருகிறது?

ஊரின் வடக்கே தோரண வாயில், தெற்கே குளத்தங்கரை. இந்த இரண்டுக்கும் நடுவில் பேச்சி வைத்ததே நேரம் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தோரண வாயிலுக்கு அந்தப்பக்கம் உலகம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியூர்ப் பேருந்து வாயிலருகே நிற்கும்போது கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, உள்ளே வெயிலா நிழலா என்று பார்த்துவிட்டு, "வாட்ச மாத்திக்கிறவங்க மாத்திக்கோங்க!" என்று குரல் கொடுப்பார். பயணிகள் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறையைத் தடவிப் பார்ப்பதைப் போலக் கடிகாரத்தைத் திருகிக்கொண்டு இறங்குவார்கள்.

அலுவலகத்தில் நேர மாற்ற விண்ணப்பப் படிவம் அச்சடித்தார்கள். மூன்று பிரதி, கேட்கும் நேரம் முத்தாலங்குளம் எல்லைக்குள் வரும் நேரம்தான் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று, குடும்ப அட்டை நகல். ஒன்பது மணி வேண்டும் என்று காலையில் கொடுத்த மனு மூன்று மணிக்குத்தான் மேசைக்கு வரும். மூன்று மணிக்கு ஒன்பது மணியை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த அலுவலகத்தில் எந்த மனுவும் தாமதமானதே இல்லை என்று தாணுமாலயன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கல்யாண வீட்டார் வெள்ளிக்கிழமை ராகு காலத்தைத் தாண்டிவிடச் சொன்னார்கள். பேச்சி பத்தரையிலிருந்து நேரே பன்னிரண்டுக்குப் போட்டாள். ஊர் ஜோசியர் முதல் வாரம் எதிர்த்தார். இரண்டாவது வாரம், தாண்டிப்போன ராகு எங்கும் போய்விடாது, மொத்தமாகச் சேர்ந்து ஒரு மூலையில் நிற்கும், அதற்குத் தனியாகப் பரிகாரம் உண்டு என்று சொல்லிச் சமாதானமானார். ஆறு மணியிலேயே இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும், எழுபத்தைந்தாவது நிமிஷம் வரைக்கும் விளையாடிக்கொள்கிறோம் என்று கைப்பந்துக் குழுவினர் கேட்டார்கள். "அறுபதுக்கு மேல சொன்னா அது அடுத்த மணிக்குள்ள போயிரும் அண்ணே. எழுபத்தஞ்சு போட்டா ஏழே கால் ஆயிரும்" என்று அவள் சொன்னதை நம்பாமல் போடச் சொன்னார்கள், போட்டாள், ஏழே கால் ஆயிற்று, பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஜூலை மாத ரேஷன் சர்க்கரையை வாங்கத் தவறிய ஒரு பெண்மணி ஆகஸ்ட் பிறந்த பிறகு வந்து, போன மாதத்துக் கடைசி நாள் வேண்டும் என்றார். தேதிக்குப் பூஜ்யம் என்று கொடுத்தாள் பேச்சி. ஒன்றாம் தேதிக்கு முந்தின தேதி பூஜ்யம்தானே, ஊர் ஜூலை முப்பத்தொன்றுக்குப் போய் நின்றது. ஆனால் கடையில் சர்க்கரை இல்லை. அது தீர்ந்தது தீர்ந்ததுதான்.

அப்படித்தான் ஊர் அந்த இன்னொரு விஷயத்தைத் தெரிந்துகொண்டது. வானம் சொன்ன பேச்சைக் கேட்கும், வையகம் கேட்காது. மணி திரும்பும், கொட்டின பால் திரும்பாது. ஆறாம் மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சியை அக்டோபருக்குக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவளுக்கு ஆறாம் மாதம்தான். உடம்பு தன் கணக்கில் நரைத்தது, பசித்தது, தூங்கியது. மனிதர்கள் மெல்ல மெல்ல மணி பார்த்துச் சாப்பிடுவதை விட்டு வயிற்றைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். பேச்சியோ, அலுவலகம் மூடும்முன் ஊரை வெளியுலக நேரத்தோடு ஒட்டவைத்துவிட்டு, உள்வாய்த் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய் அம்மா சுடலைவடிவு வைத்திருக்கும் குழம்பைச் சாப்பிட்டாள்.

அந்த உள்வாய்த் தெருவுக்குத்தான் ஆகஸ்ட் பத்தாம் தேதி நோட்டீஸ் வந்தது.

நாற்பத்திரண்டு வீடுகள். குளத்து நிலத்தில் இருப்பதால் காலி செய்ய வேண்டும், மறுத்தால் பேரூராட்சியே இடித்து அப்புறப்படுத்தும். ஒவ்வொரு கதவிலும் பசை காயாமல் ஒட்டியிருந்தது. தெருக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தடை கேட்ட மனு இருபதாம் தேதி விசாரணைக்கு வரும் என்று வக்கீல் சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தாணுமாலயன் பேச்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தோரண வாயிலுக்கு வெளியே இடிப்பதற்கான இரண்டு பொக்லைன் நிற்பதை அவள் வரும்போதே பார்த்திருந்தாள்.

"நோட்டீஸ்ல போட்ட நாளுக்கு ஊரை இப்பவே கொண்டுபோயிரு," என்றார். "வெளிய கோர்ட்டு இருபதாம் தேதி கூடட்டும். நமக்கு இன்னைக்கே கெடு முடியுது. இடிச்சு முடிச்சுட்டுப் பழைய தேதிக்குத் திரும்பிருவோம்."

"எங்க வீடும் அதுல இருக்கு சார்."

"தெரியும். அதனாலதான் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன்."

அவர் நோட்டீஸை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். வீட்டுக் கதவில் ஒட்டியிருந்ததை அழுகையும் சண்டையுமாக எத்தனையோ பேர் படித்தும், யாரும் அந்த வரியைச் சரியாகப் படித்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 'செப்டம்பர் 31 அன்று மாலை ஐந்து மணிக்கு இவ்வாணை நிறைவேற்றப்படும். அந்நாள் கடந்தால் இவ்வாணை காலாவதியாகும்.'

"சார், செப்டம்பருக்கு முப்பது நாள்தான்."

"என்னது?"

"முப்பத்தொண்ணு கிடையாது சார்."

தாணுமாலயன் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் வட்ட முத்திரை இருந்தது. அதற்கும் மேல் மேலிடத்து ஒப்புதல் எண் இருந்தது. ஒரு நாள் இருப்பதற்கு வேறென்ன வேண்டும்?

"ஆர்டர்ல இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். ஆனா இந்த எண்ணைக் கொடுத்தா..."

"உன் வீட்டக் காப்பாத்த நீ ஆயிரம் சொல்லுவ. ஆர்டர்ல இருந்தா நாள் இருக்கும். மாசம் செப்டம்பர், தேதி முப்பத்தொண்ணு, மணி அஞ்சு. நான் சொல்றதப் போடு."

பேச்சி அந்த அறையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்தாள். உண்மையை இரண்டுமுறை சொல்லியாயிற்று. மூன்றாவது முறை சொல்வதற்கு அவள் நிரந்தரப் பணியாளர் இல்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே, ஓர் எண் கூட்டாமல் ஓர் எண் குறைக்காமல் கொடுத்தாள். நிரலுக்கு வட்ட முத்திரை தெரியாது. முப்பது நாள் உள்ள மாதத்தில் முப்பத்தொன்று கேட்டால், மிச்சமிருக்கும் ஒரு நாளை அடுத்த மாதத்தில் எண்ணிக் கொடுப்பது அதன் வழக்கம்.

முத்தாலங்குளத்தில் அக்டோபர் ஒன்று, மாலை ஐந்து மணி ஆயிற்று. கூடவே மழை பிடித்துக்கொண்டது.

மூன்று வருஷமாகப் பெய்யாத மழை. ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் தோரண வாயிலின் மேலும் அது விழுந்த சத்தத்தில் தாணுமாலயன் போனில் கத்தியது பொக்லைன் ஓட்டுநர்களுக்குக் கேட்கவில்லை. ஜனங்கள் குடை இல்லாமல் தெருவில் நின்றார்கள். அலுவலகத்தின் முதுநிலை எழுத்தர் வள்ளிநாயகம், எது எப்படிப் போனாலும் ஐந்து மணிக்கு அன்றைய கோப்புகளை முடித்து எழுதுகிறவர், சுவரில் மாட்டியிருந்த கணினித் திரையில் தேதியைப் பார்த்தார், உள்வாய்த் தெருக் கோப்பைப் பார்த்தார், பதிவேட்டைத் திறந்து, 'நாள் கடந்தது. ஆணை காலாவதி' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"திருப்பிப் போடு! ஆகஸ்ட் பன்னெண்டுக்குப் போ!" என்று தாணுமாலயன் பேச்சியிடம் கத்திக்கொண்டே வெளியே வந்தார்.

"திருப்பிப் போட்டும் பிரயோசனம் இல்ல சார்," என்றார் வள்ளிநாயகம், பதிவேட்டில் மை காய ஊதிக்கொண்டே. "நான் எழுதிட்டேன். வானம் திரும்பும், ரிஜிஸ்டர் திரும்பாது."

தாணுமாலயன் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் நம்பிய ஒரே வேதம் அந்தப் பதிவேடு. அதோடு அவர் எப்படிச் சண்டை போடுவார்? புது ஆணை கேட்டு அன்றே மேலிடத்துக்கு எழுதினார். அக்டோபர் ஒன்று தேதியிட்ட கடிதம் ஆகஸ்ட் மாதத்தில் வந்திருப்பதை ஏற்க இயலாது, உரிய நாளில் அனுப்பவும் என்று அது திரும்பி வந்தது. இருபதாம் தேதி கோர்ட்டில், காலாவதியான ஆணைக்குத் தடை கேட்பதில் பொருளில்லை என்று வழக்கை முடித்துவைத்தார்கள். உள்வாய்த் தெரு ஜெயிக்கவுமில்லை, தோற்கவுமில்லை. ஆனாலும் பட்டாசு வெடித்தார்கள், மழையில் பாதி நமத்துப்போயிற்று.

ஏனென்றால் மழை நிற்கவில்லை. பேரூராட்சித் தலைவி சொர்ணக்கிளி, ஆணை காலாவதியான அன்றைக்கே மன்றத்தைக் கூட்டியிருந்தார். ஊர் வெளியுலகத்தைவிட ஐம்பது நாள் முன்னால் நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். "திரும்பிப் போனா வறட்சி. முன்னால போனா நாளைக்கு எப்படியோ யாருக்குத் தெரியும்? இன்னைக்கு மழை இருக்குன்னு தெரியும்லா? வெளியூர்க்காரன் அக்டோபர் ஒண்ணுக்கு வந்து சேருற வரைக்கும் நாம இங்கயே நிப்போம்" என்று அவரே பதிலும் சொன்னார். மறுப்புச் சொல்ல ஆளில்லை. பேச்சி ஒவ்வொரு காலையும் வேலைக்கு வந்ததும் தேதிக்கு ஒன்று, மாதத்துக்கு அக்டோபர் என்று கொடுப்பாள். காலையில் வெயிலடிக்கும், நண்பகலுக்கு மேகம் கூடும், பிறகு அந்தியடங்கும்வரை அதே மழை, அதே சாய்வில், அதே இடியோடு பெய்யும். இரண்டாவது இடிக்குப் பின் மின்சாரம் போகும் என்று தெரிந்து பெண்கள் அதற்கு முன்பே மாவரைத்துவிட்டார்கள். முதலாவது அக்டோபர் ஒன்றில் குளத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. பத்தாவது அக்டோபர் ஒன்றில் இடுப்பளவு. பதினேழாவது அக்டோபர் ஒன்றில், எங்கிருந்து வந்தனவோ, நாரைகள் வந்தன. இருபத்தோராவது அக்டோபர் ஒன்றில் உள்வாய்த் தெருவின் கடைசி வீட்டு வாசற்படியில் தண்ணீர் ஏறி உட்கார்ந்தது.

கடைசி வீடு பேச்சியின் வீடு. சுடலைவடிவு சேலையைச் சொருகிக்கொண்டு படியில் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

"நோட்டீஸ் ஒட்டினவனக் கம்ப எடுத்து விரட்டினேன்," என்றாள். "இத எங்க விரட்ட? உள்வாய்த் தெருன்னா குளத்து வயித்துக்குள்ள இருக்க தெருன்னு எங்கப்பன் காலத்துல இருந்து பேரு. வாயால சொல்லிக்கிட்டே இருந்தோம், ஒருத்தர் காதுலயும் விழல."

"நாளைக்கு ரெண்டாம் தேதி போட்டுருதேன்மா. மழை நின்னுரும்."

"நின்னா? அடுத்த வருஷம்?"

அன்றைக்கு மதியம் தெருவே அவள் வீட்டில் கூடியது, ஈரக் காலோடு. மழையை நிறுத்து என்றார்கள். அடுத்த தெருக்காரர்கள் வெளியே நின்று நிறுத்தாதே என்றார்கள். நேற்றுவரை ஒன்றாகப் பட்டாசு வெடித்தவர்கள். பொக்லைனுக்கு முன்னால் ஊரே தெருவோடு நின்றது. தண்ணீருக்கு முன்னால் ஊர் தண்ணீரின் பக்கம் போய்விட்டதைப் பேச்சி பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் சத்தம் போடுகிறவள் இல்லை, இன்னும் நிதானமாகிவிடுகிறவள்.

மறுநாள் காலை, இருபத்திரண்டாவது அக்டோபர் ஒன்றை வைப்பதற்கு முன், அவள் நேராகத் தலைவியின் அறைக்குப் போனாள். தாணுமாலயனும் அங்கே இருந்தார்.

"குளம் அது இடத்தக் கேக்குது. குடுத்துருவோம்," என்றாள். "ஆனா நாங்க எங்க போறதுன்னும் இன்னைக்கே எழுதணும். கரட்டுமேட்டுல நிலம் சும்மாக் கிடக்கு. நாப்பத்திரண்டு மனை. தீர்மானம் போடுற வரைக்கும் இன்னைக்குத் தேதி ரெண்டு."

"ஏம்மா, மிரட்டுறியா?" என்றார் தாணுமாலயன்.

"ரெண்டாம் தேதி மழை பெய்யாதுன்னு நான் சொல்லலையே சார். பெய்யலாம்."

சொர்ணக்கிளி ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தார். மூன்று வருஷம் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்ற ஜனத்தை நினைத்தாரோ என்னவோ, "கரட்டுமேட்டுக் கோப்பு எங்க?" என்று கேட்டார்.

பதினெட்டு வருஷமாக மூன்று அலுவலகங்களுக்கு இடையே அலைந்துகொண்டிருந்த கோப்பு வள்ளிநாயகத்தின் நாற்காலியில், அவர் உயரம் போதாமல் போட்டு உட்கார்ந்திருந்த கட்டுக்குள் கிடைத்தது. பத்து மணிக்குக் கூடிய மன்றம் பதினொரு மணிக்குள் முடிக்கவில்லை. பேச்சி மறுபடி பத்து மணி வைத்தாள். நான்கு முறை பத்து மணி வைத்தபின் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகுதான் அவள் தேதிக்கு ஒன்று போட்டாள். தாசில்தார் வெளியே செப்டம்பர் வெயிலிலிருந்து குடையோடு வந்தார்; தோரண வாயிலுக்கு இப்புறம் வெயிலுக்குப் பிடித்த குடை மழைக்குப் பயன்பட்டது. எல்லாப் பட்டாவிலும் அக்டோபர் ஒன்று என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "வெளிய இது இன்னும் பிறக்காத தேதி. அந்த நாள் வர்ற வரைக்கும் ஊருக்கு வெளிய காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரு ஏறத் தொடங்கியது. யாரும் யாரையும் துரத்தவில்லை. ஒரு வீடு போனது, அடுத்த அக்டோபர் ஒன்றில் இரண்டு வீடு போயின. தண்ணீர் ஒரு படி ஏற, ஜனங்கள் ஒரு வீடு ஏறினார்கள். அண்டா, கிரைண்டர், சாமி படம், ஆடு, தையல் மெஷின், மழையில் நனையாமல் பாலிதீனில் சுற்றிய பட்டா. சுடலைவடிவு கடைசிவரை இருந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று கதவைக் கீலிலிருந்து கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டாள். பேச்சி பின்னால் ஒரு முனையைப் பிடித்தாள். பாதி வழியில் அம்மா நின்றாள். திரும்பிப் பார்க்கப்போகிறாள் என்று பேச்சி நினைத்தாள். அவள் மூச்சு வாங்கிவிட்டு நடந்தாள். பேச்சிதான் திரும்பிப் பார்த்தாள். அவள் முதல் கணினியை வைத்துப் படித்த மூலையில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. அழுகை வந்தது, மழையில் அதற்குத் தனி மரியாதை இல்லை.

நாற்பத்திரண்டு குடும்பமும் இடம் மாறி முடிக்க இருபத்தெட்டு நாளாயிற்று. பதிவேட்டின்படி எல்லோரும் அக்டோபர் ஒன்று அன்று போனார்கள். தாணுமாலயன் அறிக்கை சொல்லச் சொல்ல, பேச்சி தட்டச்சு செய்தாள்: 'குளத்து ஆக்கிரமிப்பிலிருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒரே நாளில், எவ்விதச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையுமின்றி, மாற்று இடத்தில் குடியமர்த்தப்பட்டனர்.' மாநிலத்தில் இதுபோல நடந்ததில்லை என்று பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டும்போது ஆணியைப் பேச்சிதான் எடுத்துக் கொடுத்தாள். "எல்லாம் திட்டமிட்டுச் செஞ்சதும்மா" என்றார். அதை அவர் நம்பவும் ஆரம்பித்திருந்தார்.

ஐம்பத்தோராவது முறை அக்டோபர் ஒன்று வந்தபோது, தோரண வாயிலுக்கு வெளியேயும் அக்டோபர் ஒன்றாயிருந்தது. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்தார். உள்ளேயும் மழை, வெளியேயும் மழை. ஒன்றும் சொல்லாமல் விசிலடித்தார். பட்டாக்கள் அன்றைக்குப் பிறந்தன. மாலையில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊரே அங்கே போயிருந்தபோது பேச்சி தனியாக அலுவலகத்தில் உட்கார்ந்து, நேரத்தை மாற்றும் வரிகள் ஒவ்வொன்றையும் அழித்தாள். தேதிப் பெட்டி தானாக ஓடி, கேட்டால் மணியை மட்டும் சொல்லும்படி விட்டாள். கொஞ்சநேரம் அதன் நொடிகள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கணினியை அணைத்தாள்.

மறுநாள் யாரும் வைக்காமலே சூரியன் வந்தது. பேச்சி குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கரட்டுமேட்டிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடந்தாள். கேட் பூட்டியிருந்தது. துணிப்பையோடு போய்க்கொண்டிருந்த வள்ளிநாயகம் நின்றார்.

"என்னம்மா இங்க?"

"வேலைக்கு, அண்ணாச்சி."

"இன்னைக்கு ரெண்டாம் தேதில்லா. காந்தி ஜெயந்தி. அரசு விடுமுறை."

ஐம்பது நாளாக ஒரே ஒரு நாளைச் சுமந்துகொண்டு வந்தவள், அதற்கு அடுத்த நாள் என்ன நாள் என்று பார்க்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனார். வானத்தில் ஒரு மேகமில்லை. அவள் வந்த வழியே ஏறி, புது மனையில் போட்ட கீற்றுக் கொட்டகைக்குள் போய், பாயை விரித்துப் படுத்து அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

விழித்தபோது வெயில் கொட்டகையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"மணி என்னம்மா?"

"யாருக்குத் தெரியும்," என்றாள் சுடலைவடிவு, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "எந்திரி, சோறு ஆறுது."